யார் கொடுத்த வேகம்?

போன மாசம் ஒரு ராத்திரி. ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்சு ரூமுக்கு வந்து, கல்லுல ரெண்டாவது தோசையை ஊத்தும்போது போன் அடிச்சது. சித்தி பையன். கடலூர்ல பிளஸ் ஒன் படிக்கிறான். மறுநாள் இயற்பியல் டெஸ்ட்டாம், எறிபொருள் இயக்கத்துல ஒரு கணக்குல சந்தேகமாம்.

கணக்கு நம்ம எல்லாருக்கும் பழக்கமானதுதான். ஒரு குண்டு 45 டிகிரி கோணத்துல, நொடிக்கு 500 மீட்டர் வேகத்துல சுடப்படுது. காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும். கிடைத்தள நெடுக்கம் எவ்வளவு?

இதுல என்னடா சந்தேகம், வேகத்தோட வர்க்கத்தை புவிஈர்ப்பு முடுக்கத்தால வகுத்தா முடிஞ்சதுன்னேன். 500-ன் வர்க்கம் 2,50,000. அதை 9.8-ஆல் வகுத்தா 25,510 மீட்டர். இருபத்தஞ்சரை கிலோமீட்டர். தோசையைத் திருப்பிப் போடுற நேரத்துல போட்டுடலாம்.

"அது வந்துடுச்சுண்ணா. ஆனா துப்பாக்கிக் குண்டு இருபத்தஞ்சு கிலோமீட்டர் போகுமா? நம்ம வீட்டு மாடியில நின்னு சுட்டா பாண்டிச்சேரியைத் தாண்டிப் போய் விழுமா?"

நான் சிரிச்சேன். அவன் விடலை.

"இன்னொண்ணுண்ணா. அந்த 500-ஐ யாரு அளந்தா? குண்டு போறதே கண்ணுக்குத் தெரியாதே. எதை வச்சு அளந்தாங்க?"

இங்கதான் நான் அந்த பாவத்தைப் பண்ணேன். "டேய், வேகம் கொடுக்கப்பட்டிருக்குல்ல? போட்டுட்டுப் போயிட்டே இரு. இதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நொடி சத்தமில்லை. "சரிண்ணா" என்று வச்சிட்டான்.

தோசை கருகிப் போனதுகூட பரவாயில்லை மக்களே, அந்த "சரிண்ணா" தான் தூங்க விடலை. நானும் பிளஸ் ஒன்ல இதே அத்தியாயத்துல எழுந்து நின்னு, "சார், காத்தை ஏன் சார் விட்டுடறோம்?" என்று கேட்டவன். கிளாஸே சிரிச்சது. "புத்தகத்துல விடச் சொல்லியிருக்கான், விடு" என்று பதில் வந்தது. "சரி சார்" என்று உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு முடிக்கிற வரைக்கும் எழுந்து நிக்கவே இல்லை. "கொடுக்கப்பட்டவை" என்று எழுதி, அதுக்குக் கீழே இருக்கிறதை யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு நானாவே ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

அதனால அன்னைக்கு ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். அடுத்த மூணு வாரமும் அதேதான். யார் கொடுத்த வேகம் அது? தேடிக்கிட்டே போனா, கதை இத்தாலியில ஆரம்பிச்சு, இங்கிலாந்து வழியா சுத்தி, கடைசியில எங்க ஊர் கடற்கரையிலேயே வந்து முடியுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

*

முதல்ல இத்தாலிக்காரர் நிக்கோலோ டார்டாலியா. டார்டாலியா என்றால் திக்குவாயர் என்று அர்த்தம், பட்டப்பேர். 1512-ல் பிரெஞ்சுப் படை பிரெஸ்சியா நகரத்தைச் சூறையாடினபோது, சின்னப் பையனா இருந்த இவர் முகத்துல வாள்வெட்டு. பேச்சு திக்கிப் போனது. படைகளால இப்படி பாதிக்கப்பட்ட ஆளுதான் பின்னாடி பீரங்கிக் கணக்குக்கு முதல் புத்தகம் எழுதினார், 1537-ல். 45 டிகிரியில சுட்டாத்தான் அதிக தூரம் போகும் என்று அதுல சொல்லியிருக்கார். இந்தக் கலையை வளர்க்கிறது பாவம்னு தோணி, எழுதினதையெல்லாம் ஒரு தடவை எரிச்சுட்டதாவும், அப்புறம் துருக்கியப் படையெடுப்பு பயம் வந்ததும் மனசு மாறினதாவும் அவரே எழுதி வச்சிருக்கார்.

ஆனா டார்டாலியாவோட குண்டு முதல்ல நேர்கோட்டுல போகும், அப்புறம் வளையும், அப்புறம் செங்குத்தா கீழே விழும். நம்ம பரவளையம் அதுல கிடையாது. வேகத்துக்கு நம்பரும் கிடையாது.

பரவளையத்தைக் கொடுத்தவர் கலிலியோ. 1608 வாக்கில, சாய்தளத்துல உருண்டையை உருட்டிவிட்டு, அது மேசை விளிம்புல இருந்து பாய்ந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுதுன்னு அளந்திருக்கார். அந்தக் குறிப்புத் தாள் இன்னிக்கும் இருக்கு. முழுக் கணக்கும் வெளியே வந்தது 1638-ல். அப்போ அவர் வீட்டுக்காவல்ல, கண்பார்வை போன நிலையில. புத்தகத்தை ஹாலந்துல லைடன் நகரத்துல அச்சடிச்சாங்க.

இப்போ நம்ம பையன் கேள்விக்கு வருவோம். கலிலியோ வேகத்தை எப்படி அளந்தார்? ரொம்ப அழகான வழி. அவர் வேகத்தை "இவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா வர்ற வேகம்" என்று சொன்னார். நாலு மடங்கு உயரத்துல இருந்து விழுந்தா ரெண்டு மடங்கு வேகம். உயரத்தை ஸ்கேல் வச்சு அளந்துடலாம். கடிகாரமே தேவையில்லை.

மேசை உருண்டைக்கு இது போதும். துப்பாக்கிக் குண்டுக்கு? நொடிக்கு 500 மீட்டர் வேகம் வரணும்னா எவ்வளவு உயரத்துல இருந்து விழணும்னு போட்டுப் பாருங்க. 2,50,000-ஐ 19.6-ஆல் வகுத்தா 12,755 மீட்டர். எவரெஸ்ட் மாதிரி ஒண்ணரை மலை, அதுவும் காத்தே இல்லாம. இந்த வழியில துப்பாக்கியோட வேகத்தை யாராலயும் அளந்திருக்க முடியாது. ஆக, பரவளையம் கையில கிடைச்சும், அதுல போடவேண்டிய முதல் நம்பர் கிடைக்கலை.

கலிலியோ பெரிய மனுஷன். துப்பாக்கியில இருந்து வர்ற வேகம் சாதாரணமானது இல்லை, அங்கே காத்து என் கணக்கைக் கெடுக்கும்னு புத்தகத்துலயே எச்சரிச்சிருக்கார். எச்சரிக்கையை யாரு படிக்கிறா? சாஃப்ட்வேர்ல வர்ற விதிமுறைகளை நாம படிக்கிற லட்சணத்துலதான் அவங்களும் படிச்சிருக்காங்க :-)

*

அடுத்த நூறு வருஷம் கூத்து. 1683-ல் பிரான்ஸ்ல ப்ளோண்டெல் என்பவர் குண்டு வீசுறதைப் பத்தி பெரிய புத்தகம் போட்டார். காத்தோட தடை பெருசா ஒண்ணும் பண்ணாது, பரவளையமே போதும்னார். 1686-ல் ஹாலியும் (வால்நட்சத்திர ஹாலியேதான்) கனமான குண்டுகளுக்குக் காத்து ஒரு பொருட்டே இல்லைன்னு எழுதினார்.

இவங்க யாரும் முட்டாள் கிடையாது. அவங்க நியாயத்தைக் கேட்டா நாமளும் தலையாட்டுவோம். ஈயம் காத்தை விட சுமார் 9,000 மடங்கு அடர்த்தி. அவ்வளவு லேசான காத்து அவ்வளவு கனமான ஈயத்தை என்ன பண்ணிடும்? யானையை கொசு தள்ளுமா? கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நல்லா இருக்கிறது வேற, அளந்து பார்க்கிறது வேற. அளக்கணும்னா குண்டோட வேகம் தெரியணும். அது யாருக்கும் தெரியாது. அதனால நூறு வருஷமா இந்த நியாயம் பரீட்சையே எழுதாம பாஸாகிக்கிட்டே இருந்தது.

பீரங்கி சுடுறவங்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். அட்டவணை ஒண்ணு சொல்லும், குண்டு வேற எங்கயோ விழும். அவங்க அட்டவணையை ஓரமா வச்சுட்டு, கைப்பழக்கத்துலயே சுட்டுக்கிட்டு இருந்தாங்க.

*

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்துல பாத் நகரத்துல பிறந்தார். குவேக்கர் குடும்பம். போரே கூடாதுன்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவு அது. அந்த வீட்டுல பிறந்தவர் பீரங்கி ஆராய்ச்சிக்கு வந்தது ஒரு முரண். காலேஜ் எதுவும் போகலை. கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைச்சார். 20 வயசுல ராயல் சொசைட்டி உறுப்பினர்.

1741-ல் வுல்விச் நகரத்துல புதுசா ஆரம்பிச்ச ராணுவக் கல்விக்கூடத்துல பேராசிரியர் வேலைக்கு முயற்சி பண்ணினார். கிடைக்கலை. வேலை கிடைக்காத கடுப்புல நாமளா இருந்தா ஒரு புலம்பல் பதிவு போட்டிருப்போம். அந்த மனுஷன் 1742-ல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். சின்னப் புத்தகம்தான். குண்டோட வேகத்தை முதல் தடவையா அளந்து காட்டினது அதுலதான்.

அளந்த விதம்தான் அருமை. வேகமா போற குண்டைத் துரத்தவே வேண்டாம். அதை ஒரு கனமான பொருள் மேல மோதவிட்டு மெதுவாக்கிடு. அந்த மெதுவான அசைவை நிதானமா அளந்துக்கோ. அவ்வளவுதான் ஐடியா.

ஒரு முக்காலி மாதிரி சட்டம். அதுல ஊஞ்சல் மாதிரி தொங்குற இரும்புத் தகடு, முன்பக்கம் கனமான மரப்பலகை. மொத்தம் 56 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல, நம்ம கணக்குல 25 கிலோ சொச்சம். குண்டு ஒரு பவுண்டுல பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 38 கிராம். குண்டு மரத்துல புதைஞ்சதும் ஊசல் பின்னாடி ஆடும். ஊசலோட அடியில ஒரு ரிப்பன் கட்டியிருக்கு. ஊசல் பின்னாடி போகும்போது ரிப்பன் ஒரு பிடிப்பு வழியா இழுபட்டு வெளியே வரும். எவ்வளவு ரிப்பன் வந்திருக்குன்னு பார்த்தா, ஊசல் எவ்வளவு ஆடுச்சுன்னு தெரிஞ்சிடும். அவர் புத்தகத்துல கொடுத்த உதாரணத்துல 17¼ அங்குலம். அதுல இருந்து கிடைச்ச வேகம் நொடிக்கு 1641 அடி.

1641 அடியை மீட்டர் ஆக்கிப் பாருங்க. 500. நம்ம பையன் கணக்குல "கொடுக்கப்பட்ட" அதே 500. எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

கணக்கு எளிமைதான். குண்டோட உந்தம் முழுக்க ஊசலுக்குப் போகுது. ஊசல் குண்டை விட ஏறத்தாழ 674 மடங்கு கனம். ரெண்டும் சேர்ந்து நகரும்போது வேகம் 675-ல் ஒரு பங்கா குறையும். நொடிக்கு 500 மீட்டர், நொடிக்கு 74 சென்டிமீட்டர் ஆயிடும். அந்த வேகத்துல ஊசல் கிட்டத்தட்ட 2.8 சென்டிமீட்டர் உயரம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத வேகம், ரெண்டு விரல் தடிமன் உயரமா மாறி வந்து நிக்குது. (நான் சொன்னது தோராயக் கணக்கு. குண்டு ஊசலோட எந்த இடத்துல படுதுங்கிறதையெல்லாம் ராபின்ஸ் சேர்த்தே போட்டிருக்கார்.)

இதுல ஒரு கண்ணிவெடி இருக்கு. காலேஜ்ல நான் கால் வச்சது. மோதலுக்கு முன்னாடி இருந்த இயக்க ஆற்றல், மோதலுக்குப் பின்னாடி அப்படியே உயரமா மாறுச்சுன்னு எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? அதே 2.8 சென்டிமீட்டரை வச்சுப் போட்டா வேகம் நொடிக்கு 19 மீட்டர்தான் வரும். 500 எங்கே, 19 எங்கே! குண்டோட ஆற்றல்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பங்குக்கு மேல மரத்தைப் பிளக்கிறதுலயும் சூடாகிறதுலயும் போயிடுது. மோதல்ல ஆற்றலை நம்பாதே, உந்தத்தை நம்பு. இந்தப் பாடத்தை இத்தனை நாளா சூத்திரமா மட்டும்தான் தெரியும். காரணம் இப்போதான் உறைச்சது.

இன்னொரு விஷயம். வெடிமருந்து வாயு எவ்வளவு அழுத்தத்தோட குண்டைத் தள்ளும்னு கோட்பாட்டு வழியா வேகத்தைத் தனியா கணக்கிட்டு, அதை ஊசல்ல கிடைச்ச வேகத்தோட ஒப்பிட்டும் பார்த்திருக்கார். ரெண்டும் ஒத்துப் போச்சு. 1742-லயே மனுஷன் டெஸ்டிங் பண்ணிட்டுத்தான் ரிலீஸ் பண்ணியிருக்கார். நாம இன்னிக்கும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் டெஸ்ட் பண்ணாம ஏத்திட்டு வீட்டுக்குப் போறோம்.

*

வேகத்தை அளக்கத் தெரிஞ்சாச்சு. அடுத்து அவர் செஞ்சதுதான் அந்த நூறு வருஷ நியாயத்துக்குச் சங்கு ஊதினது.

ஊசலை துப்பாக்கியில இருந்து 25 அடி தள்ளி வச்சு சுட்டார். வேகம் நொடிக்கு 1670 அடி. அப்புறம் 75 அடி தள்ளி வச்சார். 1550 அடி. அப்புறம் 125 அடி. 1425 அடி.

ஒவ்வொரு 50 அடி காத்தைக் கடக்கும்போதும் குண்டு சுமார் 120 அடி வேகத்தைத் தொலைச்சிருக்கு. 50 அடி என்பது ஒரு பஸ்ஸும் ஒரு காரும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கிற நீளம். அவ்வளவு தூரத்துக்குள்ள! இதுல இருந்து தடைவிசையைக் கணக்குப் போட்டா, அது குண்டோட எடையைப் போல 120 மடங்கு.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. நம்ம பாடப்புத்தகக் கணக்குல குண்டு மேல ரெண்டு விசை. ஒண்ணு புவிஈர்ப்பு, இன்னொண்ணு காத்து. புவிஈர்ப்பு ஒரு ரூபாய்னா காத்து 120 ரூபாய். நாம 120 ரூபாயைப் "புறக்கணித்து"விட்டு, அந்த ஒரு ரூபாய்க்குப் பைசா சுத்தமா கணக்கு எழுதிக்கிட்டு இருக்கோம்.

நம்ப முடியாம, இன்னிக்கு இருக்கிற காற்றுத்தடைச் சூத்திரத்துல அந்தக் குண்டோட அளவையும் வேகத்தையும் போட்டுப் பார்த்தேன். நூறு மடங்குக்குக் கொஞ்சம் மேலன்னு வந்தது. ரிப்பனும் பலகையும் வச்சு அந்த மனுஷன் எவ்வளவு கிட்ட வந்திருக்கார் பாருங்க.

நெடுக்கத்தையும் அவரே ஒப்பிட்டுக் காட்டினார். நொடிக்கு 1700 அடி வேகத்துல போற துப்பாக்கிக் குண்டு பரவளையக் கணக்குப்படி 17 மைல் போகணும். நிஜத்துல அரை மைல்கூடப் போறதில்லை. 24 பவுண்டு பீரங்கிக் குண்டு 16 மைல் போகணும். போறது 3 மைலுக்கும் கம்மி. சித்தி பையன் கேட்டானே, பாண்டிச்சேரியைத் தாண்டிப் போகுமான்னு? அவன் சந்தேகம்தான் சரி. என் சிரிப்புதான் தப்பு.

குண்டோட வேகம் ஒலியோட வேகத்தைத் தாண்டுற இடத்துல தடை திடீர்னு எகிறுதுன்னும் அவர் கவனிச்சார். சூப்பர்சானிக் என்ற வார்த்தையே இல்லாத காலம் அது. இந்தச் சோதனைகளுக்காக 1746-ல் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது.

அப்போ பாடப்புத்தகம் பொய்யா? இல்லை. தடை ஏறத்தாழ வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கலிலியோவோட மேசையில உருண்ட உருண்டைக்கு காத்தோட தடை எடையில ஒரு சதவீதம்கூட வராது, தாராளமா விட்டுடலாம். கையால மெதுவா தூக்கிப்போடுற கிரிக்கெட் பந்துக்கு ஏழெட்டு சதவீதம் வரும், சமாளிச்சுடலாம். அதே பந்தை வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர்ல போட்டா, காத்தோட தடை பந்தோட எடை அளவுக்கே வந்துடும். துப்பாக்கிக் குண்டுக்கு நூறு மடங்கு. "புறக்கணிக்கவும்" என்பது எல்லாருக்கும் எப்போதும் கொடுத்த அனுமதி இல்லை. யாராவது அளந்து பார்த்து, இங்கே விடலாம், அங்கே கூடாதுன்னு சொல்லணும். அந்தக் காலத்துல அதை அளந்து சொன்னவர் இவர்.

*

புத்தகத்தோட மதிப்பு தெரிஞ்சவங்க உடனே பிடிச்சுக்கிட்டாங்க. கணித மேதை ஆய்லர் 1745-ல் பெர்லின்ல இருந்து ஜெர்மன் மொழிபெயர்ப்பு போட்டார். மூலத்தை விட அவரோட விளக்கவுரை பல மடங்கு பெருசு. நம்ம ஊர் உரையாசிரியர்கள் மாதிரி :-) அந்த உரையோட வந்த ஜெர்மன் புத்தகத்தை 1777-ல் திரும்பவும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாங்க.

காத்தைச் சேர்த்துட்டா அந்த அழகான ஒருவரிச் சூத்திரம் போயிடுது. பாதையைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டுக்கிட்டே போகணும். ஆய்லர் 1753-ல் அந்த வழியைக் காட்டினார். அதுக்கப்புறம் ரெண்டு நூற்றாண்டு மனுஷங்க கையாலயே போட்டாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, மேசைக் கணிப்பானை வச்சுக்கிட்டு ஒரே ஒரு குண்டுப் பாதையைக் கணக்கிட ஒருத்தருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆச்சு. அந்த வேலைக்காகத்தான் அமெரிக்க ராணுவம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல எனியாக் என்ற மின்னணு இயந்திரத்தைக் கட்டச் சொன்னது. 1946 பிப்ரவரியில வெளியுலகத்துக்குக் காட்டினாங்க. 20 மணி நேர வேலையை அது 30 நொடியில முடிச்சது. குண்டு போய் விழுற நேரத்துக்கு முன்னாடியே கணக்கு முடிஞ்சிடும்.

பொட்டி தட்டுற மக்களே, நம்ம பொட்டியோட கொள்ளுத்தாத்தா பிறந்ததே காத்தைப் புறக்கணிக்க முடியாததாலதான். அன்னைக்கு கிளாஸ்ல சிரிச்ச பசங்கள்ல பாதிப்பேர் இன்னிக்கு அந்தக் கொள்ளுத்தாத்தா சொத்துலதான் சம்பளம் வாங்குறாங்க.

*

இப்போ அந்தக் கடைசி மேட்டர்.

ராபின்ஸ் எப்படி செத்தார்னு பார்க்கலாம்னு தேடினேன். 1749-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளரா நியமிச்சது. 1746-ல் பிரெஞ்சுக்காரங்க மதராஸைப் பிடிச்சு, 1749-ல் தான் திருப்பிக் கொடுத்திருந்தாங்க. கோட்டைகளோட லட்சணம் தெரிஞ்சு போச்சு, பலப்படுத்த ஆள் வேணும். 1750 ஜூலையில கப்பல் வந்து சேர்ந்தது. புது வரைபடங்கள் போட ஆரம்பிச்சார். ஒரு வருஷம்தான். காய்ச்சல்ல விழுந்து, 1751 ஜூலை 29-ஆம் தேதி இறந்து போனார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கிட்டு, கையில பேனாவோட இறந்தார்னு சொல்வாங்க. வயசு 44.

இறந்த இடம்: புனித டேவிட் கோட்டை. தேவனாம்பட்டினம். கடலூர்.

எங்க ஊரு சாமி! நான் சைக்கிள் கத்துக்கிட்ட ஊரு. சில்வர் பீச்சுக்கு சுண்டல் தின்னப் போகும்போதெல்லாம் கெடிலம் ஆத்தோரம் இடிஞ்சு கிடக்கிற அந்த மிச்சம் மீதியைத் தாண்டித்தான் போயிருக்கோம். வேகத்தை உலகத்துக்கே முதல்ல அளந்து கொடுத்த மனுஷன் நம்ம காலடியில செத்திருக்கார். நாங்க அங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர்ல உட்கார்ந்துக்கிட்டு "கொடுக்கப்பட்டவை" என்று எழுதிக்கிட்டு இருந்திருக்கோம்.

இதோட முடியலை. அந்தக் கோட்டை கம்பெனிக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 1690-ல் செஞ்சியில இருந்த மராட்டியர்கிட்ட இருந்து வாங்கினாங்க. மதராஸ் கவர்னர் எலிஹு யேல் காலம். கோட்டை மட்டும் இல்லை, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து பேரம். பத்திரத்துல அதுக்குப் போட்ட இங்கிலீஷ் வார்த்தை "ராண்டம் ஷாட்". நாம புரோகிராம்ல தினமும் கூப்பிடுற அதே ராண்டம். அந்தக் காலத்து பீரங்கிக்காரங்க பாஷையில அதுக்குக் குண்டு போற தூரம்னு அர்த்தம். மதராஸ்ல இருந்து நல்ல பீரங்கியா பார்த்து அனுப்பி, 1690 செப்டம்பர்ல சுத்திலும் சுட்டாங்க. குண்டு விழுந்த எல்லைக்குள்ள இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்று பேர் நிலைச்சது. உழுதுக்கிட்டு இருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அவன் யாரோட குடிமகன்னு எறிபொருளோட கிடைத்தள நெடுக்கம் முடிவு பண்ணிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த பீரங்கி ராபின்ஸ் சொன்ன 24 பவுண்டு பீரங்கி மாதிரி இருந்து, காத்தும் இல்லாம இருந்திருந்தா, குண்டு 16 மைல் போயிருக்கும். கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர். அப்போ பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த பாண்டிச்சேரியே குண்டு கிராமமா ஆகியிருக்கும்! அந்த ஊர்களையெல்லாம் காப்பாத்தினது ராஜாவும் இல்லை, நவாபும் இல்லை. நாம புறக்கணிக்கிற காத்து.

ராபின்ஸை நான் தியாகி ஆக்கலை. அவர் வந்தது கம்பெனியோட கோட்டையைப் பலப்படுத்த. அது நடந்திருந்தா யாருக்கு லாபம்னு நமக்குத் தெரியும். அந்தக் கோட்டையும் நிலைக்கலை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டார். ஆனா கேள்வி கேட்டா பதிலை ஊகிக்காம, ஒரு பலகையைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தாரே, அதுக்கு ஒரு கும்பிடு.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சித்தி பையன் பெருசா ஒண்ணும் கண்டுக்கலை. "என்னடா, அந்த 500 யாரு அளந்தான்னு கேட்டியே" என்றேன். "டெஸ்ட்ல 18 மார்க்குண்ணா" என்றான். இருபதுக்கு. எனக்கு அது நல்ல செய்தியா தெரியலை.

மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு செருப்பு டப்பா. உள்ளே ஈரக் களிமண். மளிகைக்கடை தராசுல நிறுத்தினோம், 500 கிராம். நாலு மூலையிலயும் ஒரு மீட்டர் நூல் கட்டி துணிக்கொடியில தொங்கவிட்டோம். குண்டுக்கு கோலிக்குண்டு, அஞ்சு கிராம். துப்பாக்கிக்கு அவனோட உண்டிவில். பின்னாடி ஸ்கேல் வச்சு, நான் மொபைல்ல வீடியோ எடுத்தேன்.

முதல் குண்டு டப்பாவுலயே படலை. சித்தியோட துளசி மாடத்துல பட்டுச்சு. அந்தக் கதை வேண்டாம். அடுத்தடுத்து நாலு குண்டு களிமண்ல புதைஞ்சது. டப்பா பின்னாடி போன தூரம் 7, 8, 8, 9 சென்டிமீட்டர். சராசரி 8.

அவனே நோட்டுல போட்டான். 8 சென்டிமீட்டர் ஆட்டம்னா 3.2 மில்லிமீட்டர் உயரம். டப்பாவோட வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டர். டப்பாவும் குண்டும் சேர்ந்து குண்டை விட 101 மடங்கு. ஆக, உண்டிவில்லோட வேகம் நொடிக்கு 25 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர்.

கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் பக்கத்தோட மேலே பழக்கதோஷத்துல எழுதியிருந்த "கொடுக்கப்பட்டவை" என்ற வார்த்தையை அடிச்சுட்டு, "அளந்தவை" என்று எழுதினான்.

எழுதிட்டு நிமிர்ந்து கேட்டான்: "அண்ணா, நூலோட எடையை விட்டுட்டோமே, அது பரவாயில்லையா?"

இந்த தடவை நான் சிரிக்கலை. நூலை அவிழ்த்து தராசுல வச்சோம்.

டிஸ்கி: உண்டிவில் சோதனை பண்றவங்க கண்ணு பத்திரம், துளசி மாடமும் பத்திரம். கடலூர் பக்கம் போனா, சில்வர் பீச்ல சுண்டல் வாங்கிட்டு அந்தக் கோட்டை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க ஊர்லயும் இப்படி யாராவது பாடப்புத்தகத்துல இருந்து விழுந்து கிடக்காங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.